பிஎல்சியில் நான்-ரெக்கவரபிள் ஃபால்ட்: பவரை அணைக்கும் முன்பிருந்து மெஷின் மறுபடி ஓடும் வரை

ஓடிக்கொண்டிருந்த லைன் நின்றுவிட்டது. பேனலைத் திறந்தால் கன்ட்ரோலரின் (மெஷினை ஓட்டும் தொழிற்சாலைக் கணினியான பிஎல்சியின்) ஓகே விளக்கு சிவப்பாக, இமைக்காமல் எரிகிறது. லேப்டாப்பை இணைத்துப் பார்த்தால் ஆன்லைன் போக முடியவில்லை, அல்லது போனாலும் உள்ளே புரோகிராம் இல்லை. பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு "எப்போ ஓடும்?" என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் நம் கை தானாகப் போவது பிரேக்கருக்குத்தான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்துவிடலாம் என்று தோன்றும்.

அந்தக் கையைப் பத்து நிமிடம் நிறுத்தி வைக்கத்தான் இதை எழுதுகிறேன். பவரை அணைத்தாக வேண்டியிருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அணைப்பதற்கு முன் கிடைக்கும் தகவல்களில் பாதி, அணைத்த பிறகு கிடைக்காது. நான் வேலை பழகிய காலத்தில் ஒரு நள்ளிரவு அழைப்புக்குப் போனேன். எனக்கு முன்னால் வந்தவர் ஐந்து முறை பவரை அணைத்துப் போட்டிருந்தார். ஆறாவது முறை நான் புரோகிராமை ஏற்றினேன், மெஷின் ஓடியது, எல்லோரும் வீட்டுக்குப் போனோம். ஒன்பது நாள் கழித்து அதே ஃபால்ட் வந்தது. முதல் இரவில் எந்த விளக்கு எப்படி எரிந்தது, டிஸ்ப்ளேவில் என்ன வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காரணம் தேடும் வேலை அன்றுதான் தொடங்கியது, ஒன்பது நாள் வீண்.

இந்தப் பெயருக்கு என்ன பொருள்?

ஃபால்ட்களில் அடிப்படையாக இரண்டு வகை. ஒன்றில் கன்ட்ரோலர் நலமாக இருக்கிறது, நாம் எழுதிய புரோகிராம் செய்யக் கூடாத ஒன்றைச் செய்திருக்கிறது. இன்னொன்றில் கன்ட்ரோலருக்குத் தன் மீதே நம்பிக்கை போய்விட்டது. மெமரியில் இருப்பது சரியா, தான் கணக்கிடுவது சரியா என்று உறுதி சொல்ல முடியாத நிலையில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. இந்த இரண்டாவது வகையைத்தான் நான்-ரெக்கவரபிள் என்கிறோம்.

ராக்வெல்லின் கன்ட்ரோல்லாஜிக்ஸ், காம்பாக்ட்லாஜிக்ஸ் குடும்பத்தில் (இனி சுருக்கமாக லாஜிக்ஸ்) இந்த வித்தியாசம் விளக்கிலேயே தெரியும். ஓகே விளக்கு சிவப்பில் விட்டுவிட்டு எரிந்தால் ரெக்கவரபிள். புரோகிராம் உள்ளே இருக்கும், ஃபால்ட் விவரமும் இருக்கும், கிளியர் செய்யலாம். அர்ரே எல்லையைத் தாண்டிய டைப் 4 கோட் 20, டாஸ்க் வாட்ச்டாக் (ஒரு வேலை நேரத்துக்குள் முடிகிறதா என்று கண்காணிக்கும் கடிகாரம்) நேரம் கடந்த டைப் 6 கோட் 1 ஆகியவை இந்த வகை. அங்கே வாட்ச்டாக் டீஃபால்ட் 500 மில்லிசெகண்ட். சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தால் கதை வேறு. கன்ட்ரோலர் புரோகிராமையே மெமரியிலிருந்து துடைத்திருக்கும். மறுபடி எழுந்து வந்தபின் மேஜர் ஃபால்ட் பட்டியலில் டைப் 1 கோட் 60 அல்லது 61 இருந்தால் நடந்தது இதுதான். மெமரி கார்டு இல்லாத கன்ட்ரோலர் என்றால் 60. கார்டு இருந்து, அதில் ஆய்வுத் தகவலை எழுதியிருந்தால் 61.

இங்கே ஒரு குழப்பத்தை எச்சரித்துவிட வேண்டும். அதே நிறுவனத்தின் பழைய எஸ்எல்சி 500, மைக்ரோலாஜிக்ஸ் குடும்பங்களில் "நான்-ரெக்கவரபிள்" என்ற அதே சொல்லுக்கு வேறு பொருள். அங்கே ஃபால்ட்கள் மூன்று வகை. நான்-யூசர் ஃபால்ட்டில் ஃபால்ட் ரொட்டீன் (ஃபால்ட் வந்ததும் ஓட நாம் எழுதி வைக்கும் புரோகிராம் பகுதி) ஓடவே ஓடாது. நான்-ரெக்கவரபிளில் ஒரே ஒரு தடவை ஓடும், ஆனால் கன்ட்ரோலர் நிற்பதைத் தடுக்க முடியாது. ரெக்கவரபிளில் எஸ்:1/13 என்ற ஃபால்ட் பிட்டை ரொட்டீனுக்குள்ளேயே கிளியர் செய்து ஓட்டத்தைத் தொடரலாம். ஆக, மேனுவலில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் எந்தக் குடும்பத்தின் மேனுவல் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மற்றவர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். சீமென்ஸில் சிபியு (கன்ட்ரோலரின் மூளையான மாட்யூல்) "ஸ்டாப்" நிலைக்குப் போவது ஒன்று, "டிஃபெக்ட்" நிலைக்குப் போவது முற்றிலும் வேறு. எஸ்7-300 போன்றவற்றில் எல்லா விளக்குகளும் சேர்ந்து மினுக்கினால் அது டிஃபெக்ட். ஷ்னைடரின் எம்340 வரிசையில் "ஹால்ட்" என்பது புரோகிராம் தடுக்கி நின்றது, "எரர்" என்பது சிபியுவின் ஹார்டுவேரோ ஃபர்ம்வேரோ (உள்ளிருக்கும் அடிப்படை மென்பொருளோ) விழுந்தது. ஆம்ரானில் ஈஆர்ஆர்/ஏஎல்எம் விளக்கு மினுக்கினால் ஓட்டம் தொடரும் பிழை, நிலையாக எரிந்தால் ஃபேட்டல். ஆனால் அங்கே ஃபேட்டல் எல்லாமே மெமரிக் கோளாறு அல்ல. ஸ்கேன் நேரம் (புரோகிராம் ஒரு சுற்று ஓடும் நேரம்) மிஞ்சினால் வரும் 809எஃப் கோடும் ஃபேட்டல்தான், மெமரி பிழையான 80எஃப்1 கோடும் ஃபேட்டல்தான். மிட்சுபிஷியின் கியூ வரிசையில் "மெயின் சிபியு டவுன்" என்று 1000-இல் தொடங்கும் கோடுகள் வந்தால் விஷயம் ஆழமானது. 5000, 5001 என்றால் வாட்ச்டாக்.

பெயர் எதுவாக இருந்தாலும் என்னிடம் இரண்டே கேள்விகள்தான். புரோகிராம் இன்னும் உள்ளே இருக்கிறதா? ஃபால்ட் ரொட்டீனால் இதைப் பிடித்திருக்க முடியுமா? இரண்டுக்கும் "இல்லை" என்றால், கீழே சொல்லும் படிகள் அப்படியே பொருந்தும்.

படி 1: மெஷினை அசையாமல் நிறுத்துங்கள்

கன்ட்ரோலர் செத்துக் கிடக்கிறது, அதனால் எதுவும் அசையாது என்று நினைப்பது ஆபத்தான எண்ணம். கன்ட்ரோலருடன் தொடர்பு அறுந்தால் அவுட்புட் மாட்யூல் என்ன செய்ய வேண்டும் என்பது தனியாக அமைக்கப்படும் விஷயம். பெரும்பாலும் ஆஃப் ஆகிவிடும். ஆனால் "கடைசி நிலையைப் பிடித்து வை" என்று அமைத்திருந்தால் வால்வு திறந்தபடியே நிற்கும், அனலாக் அவுட்புட் பழைய மதிப்பிலேயே நிற்கும். ஹீட்டருக்கு 80 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்த அனலாக் சேனல் அப்படியே தொடர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே முதலில் மெஷினைச் சுற்றி நடந்து பாருங்கள். செங்குத்து அச்சில் தொங்கும் சுமை, பிரேக் பிடித்திருக்கிறதா. காற்றழுத்தம், ஹைட்ராலிக் அழுத்தம் அடைபட்டு நிற்கிறதா. சூடாகிக்கொண்டிருப்பது எது. மோட்டார் ஐசொலேட்டர்களைத் திறந்து பூட்டுப் போட்டு டேக் மாட்டுங்கள். எதிர்பாராத் தொடக்கத்தைத் தடுப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 14118 என்று தனித் தரநிலை இருக்கிறது. இன்றைய வேலையில் கன்ட்ரோலர் உயிர் பெறப் போகும் நொடியைத்தான் நாம் உருவாக்கப் போகிறோம். அந்த நொடியில் யாரும் மெஷினுக்குள் இருக்கக் கூடாது.

கன்ட்ரோலரின் சாவி ஸ்விட்சை புரோகிராம் நிலைக்கு, சீமென்ஸ் என்றால் ஸ்டாப்புக்குத் திருப்புங்கள். திருப்புவதற்கு முன் எந்த நிலையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தடயங்களை எடுங்கள்

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும். ஃபோனை எடுத்து ரேக் முழுவதையும் வீடியோ எடுங்கள், குறைந்தது முப்பது நொடி. ஃபோட்டோ போதாது, ஏனென்றால் விளக்கு நிலையாக எரிகிறதா மினுக்குகிறதா என்று ஃபோட்டோ சொல்லாது. சிபியு மட்டும் அல்ல, பவர் சப்ளை, கம்யூனிகேஷன் மாட்யூல்கள், ரிமோட் ஐ/ஓ (தள்ளி இருக்கும் இன்புட், அவுட்புட் மாட்யூல்கள்) எல்லாம் படத்தில் வரட்டும். சிபியுவில் நான்கெழுத்து டிஸ்ப்ளே இருந்தால் அதில் ஓடும் செய்தி முழுவதும் ஒரு சுற்று வரும் வரை எடுங்கள்.

அடுத்து, இணைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் எதையும் கிளியர் செய்யாமல் இருப்பதைச் சேமியுங்கள். சீமென்ஸில் டயக்னோஸ்டிக் பஃபர்தான் பொக்கிஷம். எஸ்7-300-இல் மெமரி ரீசெட் செய்தாலும் அது அழியாது, ஆனாலும் புதிய நிகழ்வுகள் பழையவற்றைத் தள்ளிவிடும் என்பதால் உடனே கோப்பாகச் சேமிப்பது நல்லது. மிட்சுபிஷியில் எஸ்டி0 பதிவேட்டில் பிழை எண் இருக்கும். ஆம்ரானில் ஏ400-இல் நடப்புப் பிழை, ஏ100 முதல் ஏ199 வரை கடைசி இருபது பிழைகளின் பதிவு. ஷ்னைடரில் %எஸ்டபிள்யூ124, %எஸ்டபிள்யூ125. எஸ்எல்சி, மைக்ரோலாஜிக்ஸில் எஸ்:6.

இணைக்கவே முடியவில்லை என்றாலும் தடயம் தீர்ந்துவிடாது. சுற்றி இருக்கும் கருவிகளைக் கேளுங்கள். எச்எம்ஐயின் (ஆபரேட்டர் திரையின்) அலாரம் பட்டியலில் கம்யூனிகேஷன் அறுந்த நேரம் நொடி சுத்தமாக இருக்கும். டிரைவ்களின் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளின்) ஃபால்ட் பதிவைப் பாருங்கள். அதே நேரத்தில் ஏதாவது ஒரு டிரைவ் "டிசி பஸ் அண்டர்வோல்டேஜ்" என்று பதிந்திருந்தால், மின்சாரம் ஒரு கணம் சரிந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து பலர் பார்க்க மறக்கும் இடம் இதுதான்.

கடைசியாக மனிதர்களைக் கேளுங்கள், குற்றம் சாட்டும் குரலில் அல்ல. "யார் என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் எல்லோரும் ஒன்றும் பண்ணவில்லை என்பார்கள். "நின்னப்போ பக்கத்துல என்ன வேலை நடந்துச்சு?" என்று கேட்டால் வெல்டிங் நடந்தது, பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆனது, யாரோ ஆன்லைன் எடிட் செய்தார்கள், இடி இடித்தது, பேனல் கதவு திறந்திருந்தது என்று ஒவ்வொன்றாக வரும்.

மெமரி கார்டு இருந்தால் ஒரு வார்த்தை. லாஜிக்ஸ் கன்ட்ரோலர் விழும்போது எழுதும் ஆய்வுக் கோப்பு அந்தக் கார்டில்தான் இருக்கும். அதை நாம் படிக்க முடியாது, தயாரிப்பாளரின் சப்போர்ட் குழுதான் படிக்கும். எனவே அந்தக் கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள், அவசரத்தில் அதன் மேலேயே புதிய இமேஜை எழுதாதீர்கள். பவரை அணைத்தபின் எடுத்து, முழுவதையும் நகலெடுத்து, வேறு கார்டைப் போடுங்கள். எஸ்7-300-இன் எம்எம்சி கார்டை மின்சாரம் இருக்கும்போது உருவவே கூடாது. கார்டில் இருப்பது கெட்டுப்போக அது ஒன்றே போதும்.

படி 3: ஒரே ஒரு பவர் சைக்கிள்

இப்போது அணைக்கலாம். அணைத்துவிட்டு உடனே போடாதீர்கள். பவர் சப்ளையின் கபாசிட்டர்களும், சில கன்ட்ரோலர்களில் உள்ள ஆற்றல் சேமிப்பு மாட்யூலும் சில நொடிகள் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். விளக்குகள் எல்லாம் முழுவதும் அணைந்தபின் குறைந்தது அரை நிமிடம் பொறுங்கள். அந்த இடைவெளியில் மாட்யூல்கள் பேக்பிளேனில் (ரேக்கின் பின்பலகையில்) நன்றாக உட்கார்ந்திருக்கின்றனவா, லாக் விழுந்திருக்கிறதா, காம்பாக்ட்லாஜிக்ஸின் 1769 வகையில் கடைசியில் எண்ட் கேப் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

போட்டபின் மூன்றில் ஒன்று நடக்கும்.

சிபியு நலமாக எழுந்து, காலியாக நிற்கலாம். பெரும்பாலும் இதுதான். அடுத்த படிக்குப் போகலாம்.

சிவப்பு விளக்கு போகாமலே நிற்கலாம். மீண்டும் மீண்டும் பவரை அணைத்துப் போட்டுப் பயனில்லை. சிபியுவைத் தனியாக்குங்கள்: பவரை அணைத்து, மற்ற மாட்யூல்களை எல்லாம் வெளியே இழுத்து, பவர் சப்ளையும் சிபியுவும் மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள். எழுந்தால் மாட்யூல்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது குற்றவாளி மாட்டும். எழாவிட்டால், வேறொரு ரேக் கைவசம் இருந்தால் அதில் சிபியுவை வைத்துப் பாருங்கள். அங்கும் சிவப்பு என்றால் சிபியுவை மாற்ற வேண்டியதுதான். அங்கே எழுந்தால் பழைய ரேக்கையும் அதன் பவர் சப்ளையையும் சந்தேகியுங்கள்.

மூன்றாவதுதான் என்னைப் பயமுறுத்துவது. மெமரி கார்டில் பவர்-அப்பில் லோட் ஆகும்படி, ரன் மோடில் தொடங்கும்படி அமைத்திருந்தால், கன்ட்ரோலர் தானே புரோகிராமை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும். அந்த இமேஜ் இரண்டு வருடப் பழையதாக இருக்கலாம். சாவியைத் திருப்பச் சொன்னதும் ஐசொலேட்டரைப் பூட்டச் சொன்னதும் இதற்காகத்தான்.

படி 4: எந்த ஃபைலை ஏற்றுவது?

கன்ட்ரோலர் காலி என்பதால் அப்லோட் செய்து பார்க்க எதுவுமில்லை. நம்மிடம் இருக்கும் ஃபைல்தான் இனி உண்மை. ஆகவே அது சரியான ஃபைல்தானா என்பதில் சற்றும் அவசரப்படக் கூடாது. "ஃபைனல்", "ஃபைனல்_புதுசு", "ஃபைனல்_ஓகே" என்று மூன்று ஃபைல்கள் இருந்தால் கடைசியாகத் திருத்திய தேதியை மட்டும் நம்பாதீர்கள். வெறுமனே திறந்து சேமித்தாலும் தேதி மாறும். கடைசியாக மெஷினில் என்ன மாற்றம் செய்தோம் என்று தெரிந்த ஒரு ரங்கை (லேடர் புரோகிராமின் ஒரு வரியை) தேடுங்கள். அது ஃபைலில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

ஃபர்ம்வேர் ஒத்துப்போக வேண்டும். லாஜிக்ஸில் புராஜெக்டின் மேஜர் ரிவிஷனும் கன்ட்ரோலரின் மேஜர் ரிவிஷனும் ஒன்றாக இருந்தால்தான் டவுன்லோட் ஆகும். ஸ்பேர் சிபியுவைப் போட்டால் முதலில் ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டி வரும். அந்த வேலை பாதியில் நின்றால் சிபியு எழாமலே போகலாம். லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறதா, கேபிள் இழுபடாத இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். புதிய சிபியு என்றால் ஐபி முகவரியும் நீங்களே கொடுக்க வேண்டும்.

இப்போது, அனுபவசாலிகளும் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன்: லாஜிக் சரியாக இருந்தாலும் மதிப்புகள் சரியாக இருக்காது.

ஆஃப்லைன் ஃபைலில் இருக்கும் டேக் (புரோகிராமில் பெயரிட்ட மாறி) மதிப்புகள், அந்த ஃபைலைக் கடைசியாகக் கன்ட்ரோலரிலிருந்து எடுத்துச் சேமித்த நாளின் மதிப்புகள். அதன்பிறகு ஆபரேட்டர் எச்எம்ஐயில் மாற்றிய செட்பாயிண்ட், கமிஷனிங் பொறியாளர் பொறுமையாக டியூன் செய்த பிஐடி எண்கள், ரெசிப்பிகள், உற்பத்திக் கணக்கு, டூல் தேய்மானக் கணக்கு, எடை கருவியின் கேலிப்ரேஷன், ஆப்சல்யூட் என்கோடரின் ஹோம் ஆஃப்செட் (அச்சின் தொடக்கப் புள்ளியைக் குறிக்கும் திருத்த எண்) எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். சீமென்ஸிலும் இதே கதைதான். எஸ்7-300-இல் மெமரி ரீசெட் ஆனபின் டேட்டா பிளாக்குகள் கார்டில் இருக்கும் லோட் மதிப்புகளோடு எழும்.

இவற்றில் கணக்குகள் தப்பினால் எரிச்சல்தான். ஹோம் ஆஃப்செட் தப்பினால் அச்சு நிறுத்தத்தில் போய் மோதும். சீக்வென்ஸ் ஸ்டெப் நம்பர் தப்பினால் இன்னும் மோசம். ஃபைல் சேமித்த நாளில் மெஷின் ஸ்டெப் 70-இல் இருந்திருக்கலாம், இன்று பிடிப்பான் கையில் பாகத்தோடு ஸ்டெப் 20-இல் நின்றிருக்கலாம். ரன் போட்டதும் புரோகிராம் ஸ்டெப் 70 என்று நம்பித் தொடரும். எனவே டவுன்லோட் செய்யும் முன், ஆஃப்லைனிலேயே ஸ்டெப் நம்பர்களைத் தொடக்க நிலைக்கு மாற்றுங்கள், ஆட்டோ பிட்களை பூஜ்யமாக்குங்கள். நல்ல புரோகிராம் என்றால் முதல் ஸ்கேனில் இதைத் தானே செய்துகொள்ளும். லாஜிக்ஸில் எஸ்:எஃப்எஸ், சீமென்ஸில் ஓபி 100, மிட்சுபிஷியில் எஸ்எம்402 ஆகியவை அதற்கான இடங்கள். செய்கிறதா என்று படித்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள், நம்பிக்கையில் விடாதீர்கள்.

பழைய ஃபைலில் யாரோ விட்டுப்போன ஃபோர்ஸ் (ஒரு இன்புட்டையோ அவுட்புட்டையோ கட்டாயமாக ஒரு நிலையில் பிடித்து வைப்பது) ஏதேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 5: டவுன்லோட், பிறகு மெல்ல உயிர் கொடுத்தல்

புரோகிராம் மோடில் டவுன்லோட் செய்யுங்கள். உடனே ரன் போடாமல் ஐ/ஓ மரத்தில் எல்லா மாட்யூல்களும் இணைந்திருக்கின்றனவா, டிரைவ்கள் பேசுகின்றனவா, இன்புட்கள் களத்தில் இருப்பதைத்தான் காட்டுகின்றனவா என்று பாருங்கள். ஒரு சென்சாரின் முன் உலோகத் துண்டைக் காட்டி, ஒரு லிமிட் ஸ்விட்சை அழுத்தி, சரியான பிட் மாறுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

லாஜிக்ஸில் டெஸ்ட் மோடு என்று ஒன்று உண்டு. புரோகிராம் ஓடும், அவுட்புட் வெளியே போகாது. இந்த வேலைக்கு அது அருமையானது, ஆனால் மறந்துபோன வசதியாகவே இருக்கிறது. அந்த மோடில் சில நிமிடம் ஓடவிட்டு, எந்த அவுட்புட்டை ஆன் செய்ய நினைக்கிறது என்று பாருங்கள். எதிர்பாராத ஒன்று தெரிந்தால் அங்கேயே நிறுத்தலாம்.

சேஃப்டி கன்ட்ரோலர் என்றால் சேஃப்டி சிக்னேச்சரை (சேஃப்டி புரோகிராமின் அடையாள எண்ணை) ஆவணத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சேஃப்டி புரோகிராம் சோதித்து ஏற்கப்பட்ட புரோகிராம் அல்ல, மெஷினை ஒப்படைக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஒத்துப்போனாலும் எமர்ஜென்சி ஸ்டாப்களையும் பாதுகாப்புக் கதவுகளையும் ஒருமுறை கையால் சோதித்துவிடுங்கள்.

பிறகு பூட்டுகளை எடுத்து, மேனுவல் மோடில், குறைந்த வேகத்தில், ஒவ்வொரு அச்சாக. ஹோமிங் புதிதாகச் செய்யுங்கள். முதல் ஆட்டோ சுற்று பாகம் இல்லாமல் காலியாக ஓடட்டும். செட்பாயிண்ட்களை ஆபரேட்டரோடு உட்கார்ந்து திரை திரையாகச் சரிபாருங்கள். சரியான எண் அவருக்குத்தான் தெரியும்.

படி 6: ஏன் வந்தது?

மெஷின் ஓடிவிட்டால் இந்தப் படிக்கு யாரும் நேரம் தரமாட்டார்கள். நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

என் வரிசையில் மின்சாரம்தான் முதல் சந்தேகம். 24 வோல்ட்டை மல்டிமீட்டரில் பார்த்து "24.1 இருக்கு, சரிதான்" என்று முடிப்பது பயனற்றது. பிரச்சினை சில மில்லிசெகண்ட் சரிவில் இருக்கிறது, மீட்டர் அதைக் காட்டாது. பிஎல்சி கருவிகளுக்கான ஐஇசி 61131-2 தரநிலை, சப்ளை வகையைப் பொறுத்து 1 அல்லது 10 மில்லிசெகண்ட் மின்தடையைத் தாங்க வேண்டும் என்கிறது. அதற்கு மேல் நீண்டால் கன்ட்ரோலரிடம் எதிர்பார்க்க முடியாது. குறைந்தபட்ச மதிப்பைப் பிடிக்கும் மின்/மேக்ஸ் வசதியுள்ள மீட்டரோ, ஆஸிலாஸ்கோப்போ, பதிவுக் கருவியோ வைத்துச் சில நாள் விடுங்கள். அதே சப்ளையில் சொலினாய்டுகளும் கான்டாக்டர் காயில்களும் தொங்கினால் பிரித்துவிடுங்கள். டிசி காயிலுக்கு டயோடு, ஏசி காயிலுக்கு ஆர்சி ஸ்னப்பர் இல்லை என்றால் மாட்டுங்கள்.

அடுத்து எர்த்திங்கும் இரைச்சலும். டிரைவின் மோட்டார் கேபிள் ஷீல்டு இரு முனையிலும் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா, கம்யூனிகேஷன் கேபிள் அதோடு ஒரே டக்ட்டில் போகிறதா.

பிறகு சூடு. பெரும்பாலான பேனல் கன்ட்ரோலர்களுக்கு எல்லை 60 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், அது கன்ட்ரோலரைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பம், அறையின் வெப்பம் அல்ல. எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்களின் ஆயுள் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகும். அடைத்துப்போன ஃபேன் ஃபில்டர் ஒன்று பவர் சப்ளையின் ஆயுளை எப்படித் தின்னும் என்பதை இதிலிருந்தே கணக்கிடலாம். வயதான பவர் சப்ளை சாதாரண நேரத்தில் ஒழுங்காகத் தெரியும், சின்னச் சரிவைத் தாங்கும் திறனைத்தான் முதலில் இழக்கும். அப்படி இரண்டு காரணமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஃபர்ம்வேரையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு ரிவிஷனுக்கும் தயாரிப்பாளர் வெளியிடும் ரிலீஸ் நோட்ஸில், நான்-ரெக்கவரபிள் ஃபால்ட்டுக்கு இட்டுச் செல்லும் அறியப்பட்ட குறைகள் பட்டியலிடப்படுவது உண்டு. ஃபால்ட் எப்போதும் ஆன்லைன் எடிட்டின்போது வருகிறது, குறிப்பிட்ட கம்யூனிகேஷன் தொடங்கும்போது வருகிறது என்று ஒரு பாங்கு தெரிந்தால் முதலில் அங்கே தேடுங்கள். கோட்சிஸ் போன்ற பிஎல்சி மென்பொருள் தளங்களில் நம் புரோகிராமே இதைச் செய்ய முடியும். பாயிண்டர் தவறான இடத்தில் எழுதினால் ரன்டைமையே வீழ்த்திவிடும்.

இன்னொரு காரணம் நம் கையில் இல்லாதது. வானிலிருந்து வரும் நியூட்ரான் துகள் ஒன்று மெமரி செல்லில் பட்டு ஒரு பிட்டைப் புரட்டிப் போடுவது உண்மையிலேயே நடக்கும். எல்லாம் சோதித்தும் ஒன்றும் கிடைக்காமல், ஒரே ஒருமுறை வந்து மறுபடி வராத ஃபால்ட்டுக்கு இது காரணமாக இருக்கலாம். ஆனால் தேடாமலே இந்தப் பதிலுக்குத் தாவக் கூடாது. நான் பின்பற்றும் முறை இது: முதல் தடவை என்றால் பதிவு செய்து, சப்ளையைச் சோதித்து, கண்காணிக்கிறேன். அதே சிபியுவில் இரண்டாவது தடவை வந்தால், விவாதமின்றி சிபியுவை மாற்றி, தடயக் கோப்புகளோடு தயாரிப்பாளருக்கு அனுப்புகிறேன். புதிய சிபியுவிலும் வந்தால் ரேக், சப்ளை, வயரிங், ஃபர்ம்வேர் என்று தேட வேண்டியதுதான்.

அடுத்த தடவைக்கு முன் செய்து வைக்க வேண்டியவை

இந்த ஃபால்ட்டைப் பிடிக்க ஃபால்ட் ரொட்டீன் எழுதலாமா என்று கேட்பார்கள். முடியாது. ரொட்டீனை ஓட்ட வேண்டியவரே மயங்கிக் கிடக்கிறார். ரெக்கவரபிள் ஃபால்ட்டுக்குத்தான் அது. அங்கும், லாஜிக்ஸின் மேஜர் ஃபால்ட் ரெக்கார்டைப் படித்து, டைப்பையும் கோடையும் சேமித்துவிட்டு, நீங்கள் எதிர்பார்த்த ஒன்றிரண்டு கோடுகளை மட்டும் கிளியர் செய்யுங்கள். எது வந்தாலும் துடைத்துவிட்டு ஓடு என்று எழுதுவதும், சீமென்ஸில் சிபியு ஸ்டாப்புக்குப் போகாமலிருக்க வெற்று ஓபி 121-ஐ (புரோகிராம் பிழை வந்தால் ஓடும் பிளாக்கை) போட்டு வைப்பதும் ஒரே தவறு. உள்ளே இருக்கும் பிழை தெரியாமல் மெஷின் தவறான எண்களோடு ஓடும்.

நான்-ரெக்கவரபிளை வெளியிலிருந்துதான் கவனிக்க முடியும். அரை நொடிக்கு ஒருமுறை மாறும் ஒரு ஹார்ட்பீட் பிட்டைப் பக்கத்து கன்ட்ரோலருக்கோ எச்எம்ஐக்கோ அனுப்புங்கள். இரண்டு மூன்று நொடி மாறாவிட்டால் அலாரம். முக்கியமான இடமென்றால் வெளி வாட்ச்டாக் ரிலே. டிரைவ்களில் கம்யூனிகேஷன் இழப்பு ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற பாராமீட்டரையும், ஒவ்வொரு அவுட்புட் மாட்யூலின் ஃபால்ட் நிலையையும் உட்கார்ந்து ஒருநாள் சரிபாருங்கள். அந்த அமைப்புகளை யாரும் யோசித்து வைத்ததில்லை, டீஃபால்ட்டில்தான் இருக்கின்றன என்பதே பல பேனல்களில் நான் கண்டது.

பேக்கப்பில் லாஜிக்கோடு மதிப்புகளும் வர வேண்டும். ஆகவே மாற்றம் செய்த நாளில் மட்டுமல்ல, மாதம் ஒருமுறையாவது அப்லோட் செய்து தேதியோடு சேமியுங்கள். மெமரி கார்டு வைத்தால், லாஜிக்ஸில் "ஆன் கரப்ட் மெமரி" என்ற தேர்வு பொருத்தமானது, லோட் மோடு புரோகிராமாக இருக்கட்டும். கன்ட்ரோலர் காலியாக எழுந்தால் தானே ஏற்றிக்கொள்ளும், ஓடாது. ஆனால் புரோகிராமை மாற்றிய ஒவ்வொரு முறையும் கார்டிலும் புதுப்பிக்க வேண்டும். அந்த ஒழுக்கம் இல்லாத இடத்தில் கார்டு இல்லாமல் இருப்பதே மேல்.

ரிடண்டன்ட் சிபியு (ஒன்று விழுந்தால் மற்றது தொடரும் இரட்டை சிபியு) வாங்கினால் தீர்ந்துவிடும் என்று ஒரு எண்ணம் உண்டு. ஹார்டுவேர் விழுந்தால் காப்பாற்றும். இரண்டிலும் ஒரே புரோகிராம், ஒரே ஃபர்ம்வேர் என்பதால் அவற்றில் உள்ள குறை இரண்டையும் வீழ்த்தலாம்.

அலமாரியில் இருக்கும் ஸ்பேர் சிபியுவை வருடம் ஒருமுறை வெளியே எடுங்கள். மேஜையில் பவர் கொடுத்து, ஃபர்ம்வேரைச் சரிபார்த்து, நடப்பு பேக்கப்பை ஏற்றி, எவ்வளவு நேரம் ஆனது என்று பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். அடுத்த முறை பின்னால் நாலு பேர் நின்று "எப்போ ஓடும்?" என்று கேட்கும்போது, அந்த எண்ணைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.